கூரையில் படிந்த கரி

சென்னையிலோ பெங்களூரிலோ வாடகைக்கு வீடு தேடும் யாரும் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லும் எழுத்துகள் பி.எச்.கே. பெட்ரூம், ஹால், கிச்சன். இதில் நடுவில் உட்கார்ந்திருக்கும் ஹால் கொஞ்சம் விசித்திரமான சொல். இன்றைக்கு இங்கிலாந்தில் ஒருவர் தன் வீட்டு ஹால் என்று சொன்னால், பெரும்பாலும் வாசலைத் திறந்ததும் வருகிற நடையைத்தான் சொல்கிறார். ஷூவைக் கழற்றி, கோட்டை மாட்டுகிற இடம். நாம் சோபா போட்டு டிவி வைக்கிற அறைக்கு அவர்கள் வேறு பெயர் வைத்துவிட்டார்கள். ஆனால் 600 வருடங்களுக்கு முன்னால் கெண்ட் பகுதியில் ஒரு விவசாயி ஹால் என்று சொல்லியிருந்தால், அது கிட்டத்தட்ட முழு வீட்டையும் குறித்திருக்கும். சமையல், சாப்பாடு, வழக்கு, வரவேற்பு, சண்டை எல்லாம் அதற்குள்தான். நடுவில் தரையிலேயே நெருப்பு. மேலே கூரை வரைக்கும் வெறும் வெளி.

அவ்வளவு பெரிய ஹால் எப்படி ஒரு நடையாகச் சுருங்கியது? ஆவணங்களில் தேடினால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் கிடைக்கும். மரத்தில் தேடினால் நிறைய கிடைக்கிறது. அப்படித் தேடுவதற்கு எனக்குப் பிடித்த வீடு பேலீஃப்.

பெயரைக் கேட்டால் பிரிஞ்சி இலை ஞாபகம் வரும், தவறில்லை. பேலீஃப் இப்போது மேற்கு சஸெக்ஸில் சிங்கிள்டன் என்ற கிராமத்தின் அருகே, வீல்ட் அண்ட் டவுன்லேண்ட் என்ற திறந்தவெளி அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ஆனால் அது பிறந்த இடம் வேறு. கெண்ட்டில் சிடிங்ஸ்டோன் என்ற ஊர்ப் பகுதியில் ஒரு பண்ணைவீடாக ஐந்தரை நூற்றாண்டு இருந்தது. 1960களின் இறுதியில் அந்தப் பள்ளத்தாக்கில் பௌ பீச் நீர்த்தேக்கம் கட்டினார்கள். குடிதண்ணீருக்காக. வழக்கமாக இந்த மாதிரி கதைகளில் வீடு தண்ணீருக்கடியில் போய்விடும், நாம் சோகக் கவிதை எழுதுவோம். இங்கே வீட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய் வேறொரு இடத்தில் மாட்டிவிட்டார்கள்.

கழற்றி மாட்டுவது என்பதை நான் உவமையாகச் சொல்லவில்லை. அந்த வீட்டைக் கட்டிய தச்சர்களும் அதை முதலில் வேறிடத்தில் மாட்டிப் பார்த்து, கழற்றி, வண்டியில் ஏற்றித்தான் கொண்டுவந்திருப்பார்கள். இடைக்கால இங்கிலாந்தின் மரச்சட்ட வீடுகளைக் கட்டிய முறையே அதுதான்.

முறை இப்படி. காட்டில் ஓக் மரத்தை வெட்டுவார்கள். காயவைக்க மாட்டார்கள். ஓக் காய்ந்தால் இரும்பு மாதிரி ஆகிவிடும், உளி இறங்காது. அதனால் பச்சை மரத்திலேயே வேலை. கோடாலியால் நாலு பக்கமும் செதுக்கிச் சதுரமாக்குவார்கள், அல்லது குழிமேல் வைத்து இரண்டு பேர் ரம்பத்தால் அறுப்பார்கள். பிறகு ஒரு திறந்த முற்றத்தில் ஒவ்வொரு சுவரின் சட்டத்தையும் தரையில் படுக்கப் போட்டு இணைப்பார்கள். ஒரு மரத்தில் செவ்வகக் குழி, இன்னொரு மரத்தின் நுனியில் அதற்கேற்ற நாக்கு. இரண்டையும் சேர்த்துத் துளைபோட்டு மர ஆணி அடித்தால் இணைப்பு முடிந்தது. இரும்பு ஆணிக்கு இங்கே வேலையே கிடையாது, ஓக்கில் இருக்கும் டானின் அமிலம் இரும்பை அரித்துவிடும். மர ஆணியிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாக்கில் போடும் துளையைக் குழியின் துளையிலிருந்து கொஞ்சம் உள்தள்ளிப் போடுவார்கள். ஆணி உள்ளே போகப் போக, அது நாக்கைக் குழிக்குள் இன்னும் இறுக்கி இழுக்கும்.

பச்சை மரம் எதுவும் நேராக இருக்காது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வளைவு, ஒரு முறுக்கு. அதனால் ஒவ்வொரு குழியும் அதற்கென்று அளந்த ஒரே ஒரு நாக்குக்குத்தான் பொருந்தும். இன்றைய ஐகியா பாணியில் எந்தக் காலையும் எந்தப் பலகையிலும் மாட்டலாம் என்பதெல்லாம் நடக்காது. முற்றத்தில் சரியாகப் பொருந்தியதைக் கழற்றி, தளத்துக்குக் கொண்டுபோய் மறுபடி பொருத்தும்போது எது எதற்கு என்று தெரிய வேண்டுமே? அதற்காக ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் உளியால் எண் போட்டார்கள். ரோமன் எண்கள், ஏனென்றால் நேர்கோடு மட்டும் போதும். நான்கைப் பெரும்பாலும் நான்கு கோடாகவேதான் வெட்டினார்கள். ஒன்றைக் கழித்து எழுதும் புத்திசாலித்தனமெல்லாம் வேண்டாம் என்று வைத்துக்கொண்டதற்கு எளிய காரணம் இருக்கும் என்று நினைக்கிறேன்: கட்டையைத் தலைகீழாகத் திருப்பினால் நான்கும் ஆறும் குழம்பிப்போகும். கட்டுமானத் தளத்தில் மழையில் நின்றுகொண்டு யாரும் அந்தக் கணக்கைப் போட விரும்ப மாட்டார்கள். வீட்டின் ஒரு பக்கத்தையும் மறுபக்கத்தையும் பிரிக்க, எண்ணின் கோட்டில் கொடி போல ஒரு சிறு கீறல் சேர்ப்பதும் உண்டு.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவனுக்கு இந்த எண்களைப் பார்த்ததும் ஒரு சந்தோஷம் வரும், அதை மறைக்க விரும்பவில்லை. எழுதப் படிக்கத் தெரிந்திருக்குமோ என்னவோ என்ற நிலையில் இருந்த தச்சர்கள், தங்கள் வேலையைப் பின்னால் வருகிறவன் புரிந்துகொள்ளும்படி மரத்திலேயே குறித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் எழுதும் கமென்ட் ஆறு மாதம் தாங்குவதில்லை.

சட்டம் நின்றபிறகு இடைவெளிகளை நிரப்புவது சுலபம். ஓக் குச்சிகளைச் செங்குத்தாகச் செருகி, நடுவே வரிச்சு பின்னி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து இரண்டு பக்கமும் அப்புவார்கள். மேலே சுண்ணாம்பு. இந்தச் சுவர் எந்த எடையையும் தாங்குவதில்லை, சட்டம்தான் தாங்குகிறது. சுவரை உடைத்து ஜன்னல் வைத்தாலும், மண்ணை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்தாலும் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. பின்னால் வந்தவர்கள் இந்த வசதியை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

ஒரு வீட்டுக்கு எத்தனை மரம் தேவை? காடுகளின் வரலாற்றை எழுதிய ஆலிவர் ரேக்கம், சஃபோக்கில் சுமார் 1500இல் கட்டிய ஒரு பண்ணைவீட்டின் கட்டைகளை எண்ணிப் பார்த்து, 300க்கும் மேற்பட்ட மரங்கள் என்று கணக்கிட்டார். கேட்டதும் ஒரு காட்டையே அழித்துவிட்டார்கள் போல என்று தோன்றும். ஆனால் பெரும்பாலானவை மெலிந்த, இளம் மரங்கள். ஒரு பெரிய மரத்தைப் பிளந்து பத்துக் கட்டை எடுப்பதைவிட, தேவையான தடிமனுக்கு ஒரு சிறுமரத்தைத் தேர்ந்து நாலு பக்கமும் லேசாகச் செதுக்குவதுதான் அவர்கள் வழி. அதனால்தான் பழைய கைமரங்களின் ஓரங்களில் இன்னும் பட்டை ஒட்டியிருந்த வளைவு தெரிகிறது. காட்டை வெட்டினார்கள், அது மறுபடி முளைத்தது, மறுபடி வெட்டினார்கள். இந்த வீடுகள் உடைந்த கப்பல்களின் மரத்தால் கட்டப்பட்டவை என்று இங்கிலாந்தில் பாதி மதுக்கடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். கடலிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிற வீட்டிலும் சொல்வார்கள். கட்டையில் காரணமில்லாமல் ஒரு குழி இருந்தால் கப்பல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அநேகமாக அது எடுத்துவிட்ட ஒரு குறுக்குச் சட்டத்தின் குழி, அல்லது இன்னொரு பழைய கட்டடத்திலிருந்து வந்த மரம்.

அதேபோல, கறுப்புச் சட்டமும் வெள்ளைச் சுவரும்தான் பழைய ஆங்கில வீடு என்று நம் எல்லோர் மனதிலும் ஒரு படம் பதிந்திருக்கிறது. அந்தக் கறுப்பில் பெரும்பகுதி விக்டோரியா காலத்து ரசனை. தெற்கில் ஓக் மரத்தைச் சும்மா விட்டார்கள், அது வெயிலிலும் மழையிலும் வெள்ளிச் சாம்பல் நிறமானது. சில இடங்களில் சுவரோடு சேர்த்து மரத்துக்கும் சுண்ணாம்பு அடித்தார்கள்.

பேலீஃபுக்கு வருகிறேன். இது வீல்டன் ஹால் வீடு என்று அழைக்கப்படும் வகை. கெண்ட், சஸெக்ஸ் பகுதிகளில்தான் அதிகம். நடுவில் கூரைவரை திறந்த ஹால், இரண்டு பக்கமும் மாடியுள்ள பகுதிகள். பக்கப் பகுதிகளின் மாடி, கீழ்த்தளத்தைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். நடு ஹால் துருத்தாது. ஆனால் மூன்றையும் ஒரே கூரை மூடுகிறது. அதனால் முன்பக்கம் ஹாலின் நேரே ஒரு பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும், அங்கே கூரையின் விளிம்பைத் தாங்க ஒரு உத்தரம் அந்தரத்தில் ஓடும், வளைந்த முட்டுக்கட்டைகள் இரண்டு பக்கமிருந்தும் அதைப் பிடித்திருக்கும். நகரத்தில் மாடி துருத்தினால் தெருவுக்கு மேல் கொஞ்சம் இடம் கிடைக்கும். சுற்றிலும் வயலாக இருக்கிற ஒரு பண்ணைவீட்டுக்கு அந்தப் பிச்சை எதற்கு? எனக்கு அது பந்தா என்றுதான் தோன்றுகிறது. பக்கத்து ஊர்க்காரன் குதிரையில் போகும்போது திரும்பிப் பார்க்க வேண்டும்.

பந்தா காட்டும் அளவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதில் ஒரு கொடுமை இருக்கிறது. 1348-49இல் வந்த கொள்ளைநோய் இங்கிலாந்தின் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், ஒருவேளை பாதியையே, கொன்றது. அது அடுத்தடுத்து திரும்பியும் வந்தது. பிழைத்தவர்களுக்கு நிலம் மலிவானது, கூலி ஏறியது. கைவிடப்பட்ட நிலங்களைச் சேர்த்துக்கொண்டு சில குடும்பங்கள் வசதியான விவசாயிகளாக மேலே வந்தன. அவர்களின் பேரன் கொள்ளுப்பேரன் காலத்தில் எழுந்தவைதான் இந்த வீடுகள். இவற்றைப் பார்த்து அந்தக் காலத்து எளிய குடியானவனின் வீடு என்று உருகுகிறவர்கள் உண்டு. எளியவனின் வீடு பெரும்பாலும் நிற்கவில்லை, மண்ணில் கலந்துவிட்டது. 600 வருடம் நிற்கிற ஓக் சட்டம் என்பதே வசதிக்கு அடையாளம்.

உள்ளே நுழைவோம். வாசல் ஹாலின் ஒரு ஓரத்தில், நேர் எதிரே பின்வாசல், நடுவே ஒரு குறுக்கு நடை. நடையின் ஒரு பக்கம் இரண்டு சிறு அறைகள்: ரொட்டி வைக்கிற பேன்ட்ரி, பீப்பாய் வைக்கிற பட்டரி. பட்டரிக்கும் வெண்ணெய்க்கும் சம்பந்தமில்லை, பீப்பாயைக் குறிக்கும் பட் என்ற சொல்லிலிருந்து வந்தது. நடையின் மறுபக்கம் ஹால். இந்த ஹாலுக்கு மேல்பக்கம், கீழ்பக்கம் என்று உண்டு. வாசல் இருப்பது கீழ்பக்கம். எதிர்க்கோடியில் சுவரோடு ஒரு நீள பெஞ்சு, முன்னால் மேஜை, அங்கே வீட்டுத் தலைவன். அந்தச் சுவருக்குப் பின்னால் குடும்பத்தின் தனியறை, மேலே படுக்கையறை. ஒருவன் உள்ளே வந்ததும் எங்கே நிற்க வேண்டும், எதுவரை வரலாம் என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

ஜன்னல்களில் கண்ணாடி கிடையாது. செங்குத்தான மரக்கம்பிகள், மூடுவதற்குப் பலகை. புகைபோக்கியும் கிடையாது. புகை எழும்பி, கூரைக்குள் திரண்டு, ஓடுகளின் இடுக்கிலும் ஜன்னலிலும் வழிந்து போகும். நான் அந்த ஹாலில் நின்றபோது தெரிந்தது, புகை நினைத்த அளவுக்குத் தொந்தரவு செய்யவில்லை, அது தலைக்கு மேலேயே நின்றுவிடுகிறது. தொந்தரவு செய்தது இருட்டும் குளிரும்தான். கண் பழகவே சில நிமிடங்கள் ஆகின்றன.

அந்தப் புகைதான் வரலாற்றாசிரியர்களுக்குக் கிடைத்த பெரிய சொத்து. கெண்ட்டில் இன்றைக்கு யாரோ குடியிருக்கும் ஒரு சாதாரண செங்கல் முகப்பு வீட்டுக்குள் போய், பரண்மேல் ஏறி டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். கைமரங்களில் தடிமனாகக் கரி படிந்திருந்தால், கீழே ஒரு காலத்தில் மாடி கிடையாது, திறந்த ஹால் இருந்தது, அதில் நெருப்பு எரிந்தது. ஒரு தடுப்பின் ஒரு பக்கம் மட்டும் கரி என்றால், அந்தப் பக்கம்தான் ஹால். புகைபோக்கி வந்த பிறகு அந்தக் கரிமேல் கை வைக்க ஒருவருக்கும் காரணம் இல்லாமல் போனது. அப்படியே இருக்கிறது.

புகைபோக்கி ஒரு சின்னச் சேர்க்கை மாதிரித் தோன்றும், ஆனால் ஹாலைக் கொன்றது அதுதான். 16ஆம் நூற்றாண்டில் செங்கல் மலிவானது. நெருப்பைச் சுவரோரம் தள்ளி ஒரு புகைபோக்கிக்குள் அடைத்தால், அதன்பிறகு கூரைவரை திறந்த வெளி தேவையில்லை. குறுக்கே தளம் போட்டு மேலே ஓர் அறை கிடைத்துவிடுகிறது. வில்லியம் ஹாரிசன் 1577இல் வெளிவந்த தன் இங்கிலாந்து வர்ணனையில், தன் ஊர்க் கிழவர்கள் தங்கள் வாழ்நாளில் கண்ட பெரிய மாற்றங்களில் ஒன்றாக, புதிதாக முளைத்த புகைபோக்கிகளைச் சொன்னதாகப் பதிவு செய்திருக்கிறார். 1953இல் டபிள்யூ. ஜி. ஹோஸ்கின்ஸ் என்ற வரலாற்றாசிரியர், 1570 முதல் 1640 வரை கிராமப்புற இங்கிலாந்து பெருமளவில் திரும்பக் கட்டப்பட்டது என்று ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பின்னால் வந்தவர்கள் அவர் குறித்த காலத்தை நிறையத் திருத்தினார்கள். வட்டாரத்துக்கு வட்டாரம் வேறு வேறு வேகம். ஆனால் அடிப்படை மாற்றத்தை யாரும் மறுக்கவில்லை. எல்லோரும் ஒரே நெருப்பைச் சுற்றி இருந்த வீடு, அறை அறையாகப் பிரிந்தது. எஜமானர் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ஹால் மெல்ல மெல்ல வழிப்பாதையானது.

இனி சிக்கலுக்கு வருகிறேன்.

பேலீஃபின் மரங்களை ஆண்டு வளையங்களை வைத்து ஆராய்ந்தபோது, ஹாலும் பேன்ட்ரி பக்கமும் 1405க்கும் 1430க்கும் இடையில் வெட்டிய மரங்கள் என்று தெரிந்தது. ஏன் இவ்வளவு இடைவெளி? பட்டையை ஒட்டிய கடைசி வளையம் கிடைத்தால் வெட்டிய வருடத்தையே சொல்லிவிடலாம். அது செதுக்கலில் போயிருந்தால், வைரக்கட்டைக்கு வெளியே சாற்றுக்கட்டை எத்தனை வளையம் இருந்திருக்கும் என்று ஊகிக்க வேண்டும். தென் இங்கிலாந்து ஓக்கில் அது சுமார் 9 முதல் 41 வரை. அதனால் ஒரு வருடத்துக்குப் பதில் ஒரு வரம்புதான் கிடைக்கும். ஆச்சரியம் அடுத்த பக்கத்தில் இருந்தது. தலைவனின் மேல்பக்கப் பகுதி 1505-1510. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மூச்சில் கட்டியது போல் சமச்சீராக நிற்கிற வீடு, இரண்டு பாதிகளாக, கிட்டத்தட்ட நூறு வருட இடைவெளியில் ஆனது. முழுமையான இடைக்கால வீட்டின் மாதிரி என்று காட்டப்படுகிற ஒன்றே ஒரு பேட்ச் வேலை.

இதை அருங்காட்சியகத்தில் எந்த வடிவத்தில் நிறுத்துவது? அதை 1967இல் தொடங்கிய ராய் ஆம்ஸ்ட்ராங், புதுநகரங்களுக்காகப் பழைய மரவீடுகள் இடிபடுவதைக் கண்டு நொந்தவர். காப்பாற்ற வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. ஆனால் பள்ளத்தாக்கில் கழற்றிய வீட்டில் பின்னால் சேர்ந்த புகைபோக்கியும், ஹாலுக்குள் போட்ட தளமும் இருந்தன. இன்றைக்கு நாம் பார்க்கிற பேலீஃபில் அவை கிடையாது. இல்லாமல் போன ஜன்னல்களையும் சட்டங்களையும் புது ஓக்கில் செய்து சேர்த்தார்கள். உள்ளே 1540 வாக்கில் இருந்திருக்கக்கூடிய பெஞ்சு, கட்டில், பாத்திரங்களின் நகல்கள். வெளியே அந்தக் காலத்துக் காய்கறித் தோட்டம்.

இதற்கு எதிரான வாதம் பழையது, வலுவானது. 1877இல் வில்லியம் மாரிஸும் நண்பர்களும் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தின் அடிப்படையே, ஒரு கட்டடத்தை ஏதோ ஒரு பொற்காலத்துக்குத் திருப்பாதீர்கள் என்பதுதான். எல்லாக் காலத்துத் தழும்பும் கட்டடத்தின் பகுதி. அப்படிப் பார்த்தால் பேலீஃபில் யாருடைய வாழ்க்கை நீக்கப்பட்டது? புகைபோக்கி கட்டிய குடும்பம். முதல்முதலாக ஹாலுக்கு மேல் ஓர் அறையில் படுத்து, தன் மூச்சில் புகை இல்லாமல் தூங்கிய ஒரு பெண். அதற்குப் பிறகு 400 வருடம் அதில் பிறந்து, செத்து, வாடகை கட்டியவர்கள். எண்ணிக்கையில் அவர்கள்தான் அதிகம்.

ஆனாலும் நான் அருங்காட்சியகத்தின் பக்கம். நிலத்தோடு நின்றிருந்தால் மாரிஸ் சொன்னது சரி. வேரோடு பெயர்த்த வீட்டில் அந்தத் தொடர்ச்சி ஏற்கெனவே அறுந்துவிட்டது. அதைவிட முக்கியம், திறந்த ஹாலை எழுத்தில் எவ்வளவு படித்தாலும் புரிவதில்லை. கீழே நின்று அண்ணாந்து, நடு உத்தரத்தின் மேல் நிற்கிற ஒற்றைக் குத்துக்காலையும் அதற்கப்பால் இருட்டையும் பார்த்தபிறகுதான், ஒரு விவசாயி இத்தனை கன அடி காற்றைச் சூடாக்க விறகு எரித்தான் என்பது உறைக்கிறது. கெண்ட்டில் புகைபோக்கியுள்ள பழைய வீடுகள் ஏராளம். நடுவில் நெருப்பு எரிகிற வீடு மிகச் சில.

என் கட்சிக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. அதே நீர்த்தேக்கத்திலிருந்து தப்பிய இன்னொரு கட்டடம் விங்க்ஹர்ஸ்ட். அதை ஒரு சிறு பண்ணைவீடு என்று கருதி அருங்காட்சியகத்தில் முதல் கட்டடங்களில் ஒன்றாக நிறுத்தினார்கள். பல வருடம் கழித்து மரங்களை மறுபடி ஆராய்ந்தபோது, அது தனி வீடே இல்லை, ஒரு பெரிய வீட்டோடு சேர்ந்த சமையல் கட்டடமாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். என்ன செய்தார்கள்? மர ஆணிகளைத் தட்டி, சட்டங்களைப் பிரித்து, 2000களின் தொடக்கத்தில் வேறிடத்தில் சமையலறையாக நிறுத்தினார்கள். இப்போது அதில் டியூடர் காலத்துப் பக்குவத்தில் சமைத்துக் காட்டுகிறார்கள். செங்கல்லையும் காரையையும் வைத்து மறுகட்டுமானம் செய்திருந்தால் இந்தத் திருத்தம் நடந்திருக்காது, தகவல் பலகையை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

பேலீஃப் ஹாலின் நடுவிலும் நெருப்பு மூட்டுகிறார்கள். கொஞ்ச நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தால் சட்டையெல்லாம் ஓக் புகை வாசம். 15ஆம் நூற்றாண்டின் கரி படிந்த கைமரங்களுக்குப் பக்கத்தில், அரை நூற்றாண்டுக்கு முன் சேர்த்த புதுக் கட்டைகளும் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டு வருகின்றன. இன்னும் 200 வருடம் கழித்து யாராவது டார்ச் எடுத்துக்கொண்டு மேலே ஏறினால், கரியை வைத்து எது பழசு, எது புதுசு என்று சொல்ல முடியாது. வளையங்களைத்தான் எண்ண வேண்டியிருக்கும்.